வீடியோவில் பட்டன்: சுவரில் வரைந்த மதகு தண்ணீரை நிறுத்துமா?

போன ஆண்டு ஆறு நிமிடத்துக்கு ஒரு நெல் நாற்றங்கால் வீடியோ செய்தேன். விதை நேர்த்தி, பாத்தி, விதைப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் குறுவைப் பட்டத்துக்குச் சொல்வது வேறு, சம்பாப் பட்டத்துக்குச் சொல்வது வேறு. குறுவை ரகமான ஆடுதுறை 43 சுமார் 110 நாள் பயிர், சம்பா ரகமான சிஆர் 1009 ஏறக்குறைய 155 நாள் இழுக்கும், இரண்டுக்கும் நாற்று விடும் காலம் எப்படி ஒன்றாக இருக்கும்? அதனால் எட்டாவது வினாடியில் "உங்களுக்கு எந்தப் பட்டம்?" என்று கேட்டு, குறுவை, சம்பா, தாளடி என மூன்று பச்சைப் பட்டன்களை வைத்தேன். எடிட்டிங் ஆப்பில் பட்டன் என்ற பெயரிலேயே ஒரு ஸ்டிக்கர் இருந்தது, ஓரத்தில் நிழலெல்லாம் விழுந்து தூக்கலாக, பார்த்தாலே அமுக்கத் தோன்றும்படி. நானும் நம்பிவிட்டேன்.

பாபநாசம் பக்கத்தில் இருக்கும் பெரியப்பாவுக்குத்தான் முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வரப்பிலிருந்து ஏறி வந்தவர் கட்டைவிரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு 'சம்பா' மேல் அழுத்தினார். வீடியோ நின்றது. "பாத்தியா, கேக்குது" என்றார். மறுபடி அழுத்தினார். வீடியோ ஓடியது, நேராகக் குறுவைக்குப் போனது. "நான் சம்பாவைத்தானேடா அமுக்குனேன்?" இன்னும் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "உன் வீடியோவுக்குக் காது கேக்கல" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

அவர் பட்டனை அழுத்தியதாக நினைத்த நேரமெல்லாம் போன் தன் வழக்கப்படி வீடியோவை நிறுத்தியது, ஓட்டியது, அவ்வளவுதான். எங்கே தொட்டிருந்தாலும் அதே கதைதான். இதற்குப் பிறகு இந்த வேலையைக் கொஞ்சம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். இப்போது மாதத்துக்கு நாலு பேராவது "வீடியோவுல பட்டன் வச்சு, எம்பி4-ஆ குடுங்க" என்று கேட்கிறார்கள். எம்பி4 என்பது எந்தப் போனிலும் ஓடுகிற சாதாரண வீடியோக் கோப்பு. அந்த ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போகாத இரண்டு ஆசைகள் இருக்கின்றன என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விளக்கிச் சலித்துப்போனதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆறு, மதகு, லஸ்கர்

கல்லணைக்குப் போயிருப்பீர்கள். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு போக வேண்டும் என்பது தண்ணீருக்குத் தெரியாது. ஷட்டர் திறந்திருந்தால் போகும், இல்லாவிட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். ஷட்டரை ஏற்றி இறக்க லஸ்கர் இருக்கிறார், அவருக்கு மேலிடத்து உத்தரவு வருகிறது.

வீடியோ அந்தத் தண்ணீர் மாதிரி. தொடங்கினால் ஓடும், முடிந்தால் நிற்கும். பட்டன் என்பது ஷட்டரின் கைப்பிடி. கைப்பிடி திரும்பியதும் எந்த வாய்க்காலில் விட வேண்டும் என்று தெரிந்து வேலை செய்கிற லஸ்கர்தான் பிளேயர், அதாவது வீடியோவைத் திரையில் ஓட்டிக் காட்டும் நிரல். நான் செய்தது என்னவென்றால், ஓடும் தண்ணீரின் மேலேயே ஒரு மதகின் படத்தை வரைந்துவிட்டு அது வாய்க்காலை அடைக்கும் என்று காத்திருந்தது.

எம்பி4 கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வரிசையாகப் படங்கள், கூடவே ஒலி, எது எப்போது வர வேண்டும் என்ற நேரக் கணக்கு. வினாடிக்கு 25 படம் என்று வைத்தால் என் ஆறு நிமிட வீடியோ 9,000 படங்கள். அதில் நான் ஒட்டிய பச்சைப் பட்டன், படத்துக்குள் கலந்துவிட்ட சில ஆயிரம் பச்சைப் புள்ளிகள். பக்கத்தில் இருக்கும் நாற்றும் பச்சைப் புள்ளிகள்தான், கோப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சாதி. வசன வரிகளைக்கூட எம்பி4-க்குள் தனியாக வைக்க முடியும், ஆனால் "இந்த இடத்தைத் தொட்டால் அங்கே போ" என்ற உத்தரவைப் படித்து நடக்கிற வேலை உங்கள் போனில் இருக்கும் சாதாரண பிளேயருக்குத் தெரியாது.

கல்யாண டிவிடி ஞாபகம் இருக்கிறதா?

இதைவிட நல்ல உதாரணம் பல வீட்டுப் பரணில் கிடக்கிறது. பதினைந்து இருபது வருடத்துக்கு முந்தைய கல்யாண டிவிடியைப் போட்டால் முதலில் ஒரு மெனு வரும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று பெயர்கள், பின்னால் நாதஸ்வரம், ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தினால் பெயரைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் நகரும். அழுத்தினால் அந்தப் பகுதிக்குப் போகும்.

அந்த மஞ்சள் கட்டம் வீடியோவுக்குள் இல்லை. பின்னணிப் படம் ஒன்று, அதன் மேல் டிவிடி பிளேயர் தானே போட்டுக் காட்டும் கட்டம் ஒன்று, 'இந்தக் கட்டத்தை அழுத்தினால் இந்தப் பகுதியை ஓட்டு' என்று தட்டில் தனியாக எழுதப்பட்ட உத்தரவுப் பட்டியல் ஒன்று. மூன்றும் சேர்ந்தால்தான் மெனு.

சரி, அதே டிவிடியை யாராவது எம்பி4-ஆக மாற்றி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தபோது என்ன ஆனது? முகூர்த்தமும் வரவேற்பும் பத்திரமாக வந்தன. மெனு காணாமல் போனது, அல்லது அதன் படம் மட்டும் சும்மா ஓடியது. பட்டியல் தட்டிலேயே தங்கிவிட்டது. "பட்டன் வைத்து எம்பி4-ஆகக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் முழுக்க இதுதான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பட்டன் வீடியோவுக்குள் இருப்பதில்லை, வீடியோவுக்கு மேலே தனி அடுக்காக இருக்கிறது. அந்த அடுக்கைப் புரிந்துகொள்ளும் பிளேயர் கூடவே போனால்தான் அது வேலை செய்யும்.

ஆத்தரிங் மென்பொருள் என்ன செய்கிறது

வீடியோ, படம், எழுத்து, கேள்வி எல்லாவற்றையும் சேர்த்து, பார்ப்பவர் தொட்டால் பதில் சொல்கிற பாடமாகக் கோத்துத் தருவது ஆத்தரிங் மென்பொருள். வீடியோ எடிட்டர் தண்ணீரைத் தெளிய வைத்துக் கொடுக்கும், இது மதகு கட்டித் தரும். அடோபியின் கேப்டிவேட், ஆர்டிகுலேட் ஸ்டோரிலைன், டெக்ஸ்மித்தின் காம்டேசியா, ஆக்டிவ்பிரசென்டர் எல்லாம் இந்த வகை. ஹெச்5பி என்று ஒரு இலவசக் கருவி உண்டு. வேர்ட்பிரஸில் கட்டிய இணையதளமோ, மூடில் என்ற கற்றல் தளமோ வைத்திருந்தால் அதற்குள்ளேயே செருகிக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் வீடியோ மேல் பட்டனும் கேள்வியும் வைக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் அதில் ஒரு வாரம் கையை நனைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். பவர்பாயின்ட்டிலும் பட்டன் வைத்துத் தாவ முடியும், ஆனால் அதை வீடியோவாக ஏற்றுமதி செய்த நிமிடம் கல்யாண டிவிடி கதைதான்.

எந்த மென்பொருளைத் திறந்தாலும் கீழே ஒரு டைம்லைன் இருக்கும். எது எந்த வினாடியில் தோன்றி எந்த வினாடியில் மறைய வேண்டும் என்று காட்டும் கிடைமட்டக் கோடு அது. என் நாற்றங்கால் வீடியோவைத் திரும்பச் செய்தபோது டைம்லைனில் இப்படி இருந்தது. 8-வது வினாடியில் கேள்வி, 15-வது வினாடியில் குறுவைப் பகுதி தொடக்கம், 2:10-இல் சம்பா, 4:20-இல் தாளடி.

இப்போது பட்டன். முதலில் ஒரு ஹாட்ஸ்பாட் வரைய வேண்டும். தொட்டால் உணரக்கூடிய ஒரு பரப்பு, அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். நான் ஏற்கெனவே படத்தில் ஒட்டிவிட்ட பச்சைப் பட்டன்களைக் கழற்றாமல் அவற்றின் மேலேயே கண்ணாடி மாதிரி மூன்று ஹாட்ஸ்பாட் போட்டேன், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்து டிரிக்கர். 'இது நடந்தால் அதைச் செய்' என்ற ஒரு வரி உத்தரவு. சம்பாவைத் தொட்டால் 2:10-க்குத் தாவு. தாளடியைத் தொட்டால் 4:20-க்குத் தாவு. ஒவ்வொரு மென்பொருளும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், மெனுவில் வேறு இடத்தில் ஒளித்திருக்கும், விஷயம் ஒன்றுதான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்து ஓட்டிப் பார்த்தேன். கேள்வி வந்தது, பட்டன்கள் வந்தன, நான் விரலைக் கொண்டுபோவதற்குள் 15-வது வினாடி தாண்டி வீடியோ குறுவைக்குள் பாய்ந்துவிட்டது.

நிறுத்தம்தான் பாதி வேலை

புதிதாகச் செய்பவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டன் தோன்றுவது வேறு, பார்ப்பவர் முடிவெடுக்கும் வரை வீடியோ காத்திருப்பது வேறு. காத்திருக்கச் சொல்லித் தனியாக நிறுத்தம் போட வேண்டும். காம்டேசியாவில் ஹாட்ஸ்பாட் வைக்கும்போது, அது முடியும் இடத்தில் வீடியோ நிற்கட்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். கேப்டிவேட்டின் பழைய பதிப்புகளில் இது தானாகவே நடக்கும். ஒரு ஸ்லைடின் நீளம் இயல்பாக 3 வினாடி, பட்டன் வைத்தால் 1.5-வது வினாடியில் நின்றுவிடும். அந்த நிறுத்தத்தை மறந்துவிட்டு, 1.5-க்குப் பிறகு பேச்சை வைத்துவிட்டு, "பாதியில ஒலி கட் ஆகுது" என்று புலம்புகிறவர்களும் உண்டு.

என் வீடியோவில் 14-வது வினாடியில் நிறுத்தம் போட்டேன். சம்பாவைத் தொட்டேன், அழகாக 2:10-க்குப் போனது, சம்பாவைச் சொல்லி முடித்தது, 4:20 வந்ததும் சற்றும் யோசிக்காமல் தாளடியைச் சொல்ல ஆரம்பித்தது. ஏன் நிற்க வேண்டும்? நிற்கச் சொல்லி யார் சொன்னார்கள்? ஒரு மடையைத் திறந்துவிட்டவன் வயல் நிறைந்ததும் அடைக்கவும் வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போய்ச் சண்டை வரும். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் ஒரு நிறுத்தமோ, வேறு இடத்துக்கு ஒரு தாவலோ கட்டாயம்.

இப்படி ஒரே இடத்திலிருந்து பார்ப்பவரின் தேர்வுக்கு ஏற்ப வெவ்வேறு பகுதிக்குப் பிரிவதைக் கிளைவழி என்கிறோம். மென்பொருளைத் திறப்பதற்கு முன் இதை ஒரு தாளில் வரைந்துகொள்வது நல்லது. எங்கே பிரிகிறது, எங்கே நிற்கிறது, எங்கே திரும்ப வருகிறது. நான் பழைய கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைவேன், பார்ப்பதற்கு அப்படியே வாய்க்கால் வரைபடம் மாதிரிதான் இருக்கும். ஆசைப்பட்டு நிறையப் பிரிக்காதீர்கள். மூன்று கிளை, ஒவ்வொன்றிலும் மூன்று கிளை என்று போனால் குறைந்தது ஒன்பது பகுதியைப் படம் பிடிக்க வேண்டும், வெயிலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

கேள்விப் பட்டனும் இதே இயந்திரம்தான். விதை நேர்த்தியில் உப்புக் கரைசல் காட்டுகிறோம், முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து நெல்லைக் கொட்டுகிறோம். அங்கே நிறுத்தி "விதைக்கு எது, மிதந்ததா, மூழ்கியதா?" என்று இரண்டு பட்டன். மூழ்கியதைத் தொட்டால் மேலே போகலாம், மிதந்ததைத் தொட்டால் பதர் ஏன் மிதக்கிறது என்று காட்டும் இருபது வினாடிக்குத் தாவும். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

ஆக ஒரு பட்டனுக்குத் தேவை ஹாட்ஸ்பாட், டிரிக்கர், நிறுத்தம். போன இடத்தில் இன்னொரு நிறுத்தம்.

வெளியே வருவது ஒரு கோப்பு இல்லை, ஒரு கோப்புறை

ஏற்றுமதி செய்யும்போது மென்பொருள் கேட்கும், எம்பி4 வேண்டுமா, ஹெச்டிஎம்எல்5 வேண்டுமா என்று. எம்பி4 என்றால் பட்டன் செத்தது. ஹெச்டிஎம்எல்5 என்பது இணையப் பக்கங்கள் எழுதப்படும் மொழியின் இன்றைய வடிவம். அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கோப்புறை கிடைக்கும். அதில் ஒரு பக்கம், உங்கள் வீடியோ, உத்தரவுகளை எழுதிய சில ஸ்கிரிப்ட் கோப்புகள். லஸ்கரையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்டேசியாவில் இதற்கு ஸ்மார்ட் பிளேயர் என்று பெயர், அதோடு சேர்த்து ஏற்றுமதி செய்யாவிட்டால் ஹாட்ஸ்பாட்டும் கேள்வியும் இயங்காது.

ஒரு காலத்தில் இந்தப் பொட்டலம் ஃபிளாஷ் என்ற, பிரவுசரில் ஓடும் அடோபியின் பழைய வடிவில் வந்தது. அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது, அடுத்த ஜனவரியிலேயே ஃபிளாஷ் பிளேயர் அந்தக் கோப்புகளை ஓட்ட மறுத்தது. பழைய குறுந்தகட்டில் பாடம் வைத்திருப்பவர்கள் "ஓடவே மாட்டேங்குது" என்று வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கோப்புறை என்பதால் தொல்லைகளும் வேறு. அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போனால் வெள்ளைத் திரை வரும். ஜிப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெறுகிறவர் அதை என்ன செய்வார்? கணினியில் இரட்டைக் கிளிக் செய்தால்கூடப் பாதுகாப்புக் காரணத்துக்காகப் பிரவுசர் சில பகுதிகளை ஓடவிடாது. இணையத்தில் ஏதாவது ஒரு சர்வரில் மொத்தக் கோப்புறையையும் ஏற்றிவிட்டு, முகவரியை மட்டும் அனுப்புவதுதான் வழி. வாட்ஸ்அப்பில் போவது லிங்க், வீடியோ இல்லை.

பாடத்தை யார் முடித்தார், எத்தனை சரி என்று கணக்கு வேண்டுமென்றால் ஸ்கார்ம் என்ற சொல் காதில் விழும். பாடப் பொட்டலமும், மூடில் போன்ற கற்றல் தளமும் ஒன்றுக்கொன்று மதிப்பெண் சொல்லிக்கொள்ள வைத்திருக்கும் பொது விதி அது. கல்லூரியோ பயிற்சி நிலையமோ கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், மற்றவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

யூடியூபில் நடக்குமா?

நடக்காது, இந்தப் பொட்டலத்தை அங்கே ஏற்ற முடியாது. யூடியூபில் முன்பு வீடியோ மேலேயே தொடும் கட்டங்கள் வைக்கும் வசதி இருந்தது, 2019 ஜனவரி 15-இல் பழையவை உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அதற்கான பழைய பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு இன்னமும் அந்த மெனுவைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது இருப்பது, கடைசி 5 முதல் 20 வினாடிக்குள் வேறு வீடியோக்களைத் தொடும்படி வைக்கும் எண்ட் ஸ்கிரீன், நடுவில் மூலையில் எட்டிப்பார்க்கும் கார்டு, விளக்கத்தில் நேரம் எழுதினால் வரும் அத்தியாயங்கள்.

ஆனால் இதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. அரை நிமிடத்தில் ஒரு முன்னுரை வீடியோ, அதன் எண்ட் ஸ்கிரீனில் குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று தனி வீடியோக்கள். கிளைவழி தயார். மென்பொருளும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். எண்ட் ஸ்கிரீன் வைக்க வீடியோ குறைந்தது 25 வினாடி இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேரை நானே இந்த வழிக்கு அனுப்பிவிடுகிறேன், வருமானம் போனாலும். நடுவில் கேள்வி கேட்டு நிறுத்த வேண்டும், தவறினால் திரும்பக் காட்ட வேண்டும் என்பவர்களுக்கு மட்டும்தான் ஆத்தரிங் மென்பொருள்.

போனில் பார்ப்பவரின் கட்டைவிரல்

நீங்கள் செய்வது பெரிய திரையில், பார்ப்பவர் பார்ப்பது உள்ளங்கையில். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடும் இடம் 48 அலகாவது இருக்கட்டும் என்கிறது, திரையில் அளந்தால் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஆப்பிள் 44 என்கிறது. இதற்குக் குறைந்தால் சம்பாவை அழுத்தியவர் தாளடியில் போய் நிற்பார். நிறமும் முக்கியம். நாற்றங்கால் மேல் பச்சைப் பட்டன் வைத்த புத்திசாலி நான், மறுமுறை மஞ்சளுக்கு மாறினேன்.

இன்னும் இரண்டு விஷயம். குரோம் 2018-லிருந்து, பார்ப்பவர் தொடாமல் ஒலியோடு எதையும் தானாக ஓடவிடுவதில்லை. ஆகவே முதல் திரையில் 'தொடங்கு' என்று ஒரு பட்டன் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஊமைப்படம்தான். அப்புறம் ஐபோன். அதில் வீடியோவை முழுத்திரையாக்கினால் போனின் சொந்தப் பிளேயர் வீடியோவை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடும், உங்கள் பட்டன் அடுக்கு பின்னாலேயே நிற்கும். முழுத்திரைக் குறியை மறைத்துவிட்டு, போனைப் படுக்கவைத்துப் பார்க்கச் சொல்லி முதல் திரையிலேயே எழுதிவிடுவது நல்லது.

திருத்திய வீடியோவின் லிங்க்கைப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் 'சம்பா'வை ஒரு சந்தேகத்தோடு மெல்லத் தொட்டார். சிஆர் 1009 நாற்றங்கால் வந்தது. முழுக்கப் பார்த்தார். சொன்ன இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இப்ப தாளடியைப் பார்க்கணும்னா எதை அமுக்குறது?" என்றார்.

திரும்பிப் போகும் பட்டனை வைக்க மறந்திருந்தேன்.